சூல்வலிப்பு: தமிழகத்தில் ஒரு பேறுகால நோயின் வரலாறு

கருவுற்ற பெண்ணுக்கு இருபதாவது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் புதிதாக உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ, சிறுநீரகம், கல்லீரல், மூளை முதலிய உறுப்புகள் பாதிக்கப்படுவதோ முன்சூல்வலிப்பு எனப்படும். அதே பெண்ணுக்கு வலிப்பும் கண்டுவிட்டால் அது சூல்வலிப்பு. மருத்துவர்கள் இவற்றை முறையே பிரி-எக்லாம்ப்சியா, எக்லாம்ப்சியா என்பர். பொதுமக்கள் வழக்கில் இரண்டுக்கும் சேர்த்து 'பிரஷர்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. உலக அளவில் பேறுகாலத்தில் நேரும் தாய் இறப்புகளில் சுமார் 14 விழுக்காடு இவ்வகை இரத்த அழுத்த நோய்களால் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2014-இல் கணக்கிட்டது. குருதிப்போக்குக்கு அடுத்த இடம் இதற்கே.

இந்நோயின் சிகிச்சை வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் உருவான ஒரு மருந்து முறை ஒரு தலைமுறைக்கு மேல் நாடு முழுவதும் கையாளப்பட்டது. பின்னர் அதைவிடச் சிறந்த முறை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. நோயின் மூல காரணத்தைத் தேடிய பயணத்திலும் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரின் பெயர் இருக்கிறது.

சுமைதாங்கியும் சன்னியும்

தமிழகத்தின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஆள் மார்பளவு உயரத்தில் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவர்கள், பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும் மீண்டும் தூக்கிக்கொள்ளவும் அந்த உயரம் வசதியானது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் இதை நட்டு வைப்பது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர்கள் சுமையை இறக்கும்போதெல்லாம் ஆறுதல் கிடைக்கும் என்பது நம்பிக்கை. சில கற்களில் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இறப்புக்கான காரணம் இராது. காரணம் இன்னதென்று ஊரில் எவருக்கும் தெரியாத காலம் அது.

தெரியாததற்கு ஒரு நியாயமும் உண்டு. சூல்வலிப்பு பார்ப்பதற்கு ஒரு நோய் போலவே இராது. முதல் நாள் வரை வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்குத் திடீரென்று கண் இருட்டும், கைகால் வெட்டி இழுக்கும், நினைவு தப்பும். காய்ச்சல் வந்து பிதற்றினாலும் 'சன்னி', வலிப்பு வந்தாலும் 'சன்னி' என்று ஒரே சொல்லில் அடக்கினார்கள். பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்த வீடுகளும் உண்டு. வலிப்புக்கு முன்னே வருகிற கால் வீக்கத்தை 'நீர் கோத்திருக்கிறது' என்று சொல்லி, பிள்ளைப்பேற்றின் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். தலைவலியும் குமட்டலும் பித்தத்தின் கணக்கில் போயின. செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தாவும் ஆயாவும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் தலைப்பிரசவத்தில்தான் இந்நோய் மிகுதியாக வரும் என்பது கவனிக்கத்தக்கது. எத்தனை பெரியவர்கள் உடனிருந்தாலும் இரத்த அழுத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மேலை நாடுகளிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 'எக்லாம்ப்சியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மின்னலடித்தாற்போன்ற திடீர் ஒளி என்று பொருள். நோய் வந்து விழும் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. 1739-இல் பிரெஞ்சு மருத்துவர் சோவாஜ் இதைக் காக்கை வலிப்பிலிருந்து வேறுபடுத்திக் காட்டினார். 1843-இல் இலண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ஜான் லீவர், வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து, அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரிவதைக் கண்டார். சிறுநீரில் புரதம் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கைப்பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் ருசிய மருத்துவர் கொரோட்காவ், பட்டைக்குக் கீழே குழாய் வைத்து ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கூறினார். சிறுநீர்ச் சோதனை, அழுத்தமானி ஆகிய இந்த இரண்டும் சேர்ந்த பிறகே, வலிப்பு வருவதற்கு முன்னால் நோயைப் பிடிக்க வழி பிறந்தது.

ஆனால் பிடிப்பதற்குக் கருவுற்ற பெண் மருத்துவமனைக்கு வர வேண்டும். நலமாக இருக்கும் கர்ப்பிணியை மாதந்தோறும் சோதிப்பது என்ற எண்ணமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எடின்பரோவின் பாலன்டைன் போன்றோரால் வலுப்பெற்றது.

எழும்பூர்

சென்னையில் 1844-இல் பிரசவ மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. 1880-களின் தொடக்கத்தில் அது எழும்பூரில் இன்றுள்ள இடத்துக்கு மாறியது. ஆசியாவின் மிகப் பழைய மகப்பேறு மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. இருந்தாலும், ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதை விரும்பாத குடும்பங்களே அக்காலத்தில் பெரும்பான்மை. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த மேரி ஷார்லிப், இக்குறையைப் போக்கவே 1885-இல் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனையை நிறுவினார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இன்று அறியப்படுவது அதுவே. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் தம் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடரிடம் வந்ததும், மருத்துவரான தம் தந்தையை அவர் அழைத்துச் செல்லச் சொன்னபோது அவர்கள் மறுத்துத் திரும்பியதும், மூன்று பெண்களும் இறந்ததும் பலரும் அறிந்த செய்தி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கக் கதை அது.

செட்டிநாட்டின் வடக்கு எல்லையை ஒட்டிய புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். அதன்பின் எழும்பூர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். கருவுற்ற ஏழைப் பெண்களுக்கான அரசின் நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே.

எழும்பூரை மருத்துவ உலகம் அறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தவர் என்றே மாணவர்கள் அவரைப் படித்திருப்பார்கள். அவர் மகப்பேற்று மருத்துவர் என்பது பலருக்கும் நினைவிருப்பதில்லை. எழும்பூரின் கண்காணிப்பாளராகவும், பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். 1938-இல் வெளிவந்த மகப்பேற்று மருத்துவப் பாடநூல், பின்னாளில் 'முதலியார் - மேனன்' என்று ஆசிரியர் பெயராலேயே வழங்கி, பல தலைமுறை மாணவர்களின் கையில் இருந்தது. சுகாதாரத்துக்காக அமைக்கப்பட்ட போர் குழுவிலும் முதலியார் உறுப்பினர். 1946-இல் அக்குழு தந்த அறிக்கை, இந்தியாவில் உயிருடன் பிறக்கும் ஒவ்வோர் ஆயிரம் குழந்தைக்கும் 20 தாய்மார் வீதம் ஆண்டுதோறும் சுமார் 2 இலட்சம் பெண்கள் பேறுகாலத்தில் இறப்பதாக மதிப்பிட்டது. இந்த 20 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் செய்திகள் தெளிவாக விளங்கும்.

அக்காலத்தில் சூல்வலிப்புக்கு என்ன சிகிச்சை? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரத்தத்தை வடித்தார்கள். குளோரோபார்ம் கொடுத்தார்கள். கருப்பை வாயை வலிந்து விரித்துக் குழந்தையை வெளியே எடுத்தார்கள். இதில் இறந்தவர்களும் பலர். ருசியாவின் ஸ்ட்ரோகனாவ், நோயாளியை இருட்டறையில் சத்தமின்றிக் கிடத்தி, மார்ஃபின் முதலிய மயக்க மருந்துகளைத் தவணை தவறாமல் தரும் முறையைப் பரப்பினார். வெளிச்சமோ ஓசையோ பட்டால் வலிப்பு திரும்பும் என்ற எண்ணத்தில் சூல்வலிப்பு அறையை இருட்டாக வைக்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. காரணம் புரியாததால் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஸ்வைஃபெல், இதைக் 'கோட்பாடுகளின் நோய்' என்றே குறிப்பிட்டார்.

கிருஷ்ண மேனனின் கலவை

எழும்பூரில் முதலியாருக்குப் பின் வந்த பேராசிரியர்களுள் எம். கே. கிருஷ்ண மேனன் குறிப்பிடத்தக்கவர். சென்னை போன்ற பெரிய அரசு மருத்துவமனையில் சூல்வலிப்பு அரிய நோயன்று. பல மாவட்டங்களிலிருந்து, வலிப்பு பலமுறை கண்டபின், நினைவிழந்த நிலையில் பெண்களைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். ஐரோப்பிய மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் காண்பதை எழும்பூர் மருத்துவர் சில மாதங்களில் பார்த்துவிடுவார். துன்பமான செய்திதான். ஆனால் அந்த அனுபவத்திலிருந்தே புதிய முறை பிறந்தது.

1950-இல் பிரான்சில் குளோர்புரோமசின் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. மனநோய்க்கான மருந்தாகப் பிற்காலத்தில் புகழ்பெற்றது அதுவே. ஆனால் அறுவை மருத்துவர் ஆன்ரி லபோரி அதை முதலில் வேறு ஒன்றுக்குப் பயன்படுத்தினார். பிற மருந்துகளோடு கலந்து கொடுத்து, நோயாளியின் உடலை ஒருவகை உறக்க நிலைக்குக் கொண்டு சென்றார். அக்கலவைக்கு 'லைட்டிக் காக்டெய்ல்' என்று பெயர். மேனன் இக்கருத்தைச் சூல்வலிப்புக்குப் பொருத்தினார். குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் ஆகிய மூன்றையும் சேர்த்து ஊசியாகவும் சொட்டு நீராகவும் செலுத்தும் முறையை வகுத்தார். குளோர்புரோமசின் அழுத்தத்தையும் குறைக்கும். பெத்திடின் வலியை அடக்கும். புரோமெத்தசின் உறக்கம் தரும். 1961-இல் பிரிட்டிஷ் மகப்பேற்று மருத்துவ இதழில், சூல்வலிப்புச் சிகிச்சையின் வளர்ச்சி பற்றிய கட்டுரையில் இம்முறையை விளக்கினார். அதற்கு முன்னிருந்த முறைகளோடு ஒப்பிட இது தெளிவான முன்னேற்றம். எளிதில் கிடைக்கும் மருந்துகள். தாலுகா மருத்துவமனையிலும் செய்ய முடியும். எனவே 'மேனன் முறை' என்ற பெயரில் இந்தியா முழுவதும் பரவியது. மருத்துவத் தேர்வில் சூல்வலிப்பைப் பற்றிக் கேட்டால் மாணவர் எழுதிய விடையும் அதுவே.

ஒரு குறையும் இருந்தது. மூன்றுமே மயக்கும் மருந்துகள். ஏற்கெனவே நினைவிழந்த பெண் மேலும் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போவாள். வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினாலும் இருமித் துப்ப முடியாது, சளிக்காய்ச்சல் பிடிக்கும். பெத்திடின் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் செல்லும் என்பதால், பிறந்த குழந்தை அழாமல், மூச்சுவிடத் தயங்கிக் கிடக்கும். ஏற்கெனவே எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இது இரட்டை ஆபத்து.

பேதி உப்பின் வெற்றி

மக்னீசியம் சல்பேட்டு புதிய மருந்தே அன்று. எப்சம் உப்பு என்று பெயர் பெற்று நெடுங்காலம் பேதிக்குக் கொடுக்கப்பட்டது. இங்கே அதைப் பேதி உப்பு என்றார்கள். 1906-இல் ஜெர்மனியில் ஹார்ன் இதைச் சூல்வலிப்புக்கு முயன்று பார்த்தார். 1925-இல் லாஸ் ஏஞ்சலசில் லசார்ட் இரத்தக்குழாய் வழியே கொடுத்தார். அமெரிக்காவில் டல்லஸ் நகரின் பார்க்லாந்து மருத்துவமனையில் பிரிட்சார்டு, நரம்பு வழியாகவும் புட்டத்தில் ஊசியாகவும் செலுத்தும் அளவை 1955-இல் வகுத்தார். 1984-இல் அவர் குழுவினர் 245 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டபோது, அவர்களுள் இறந்தவர் ஒருவர் மட்டுமே.

இவ்வளவு தெளிவான முடிவு வந்தபின்னும் உலகம் உடனே மாறிவிடவில்லை. அமெரிக்கர்கள் மக்னீசியத்தையும், ஐரோப்பியர் டயசிபாம் அல்லது ஃபெனிடாயினையும், இந்தியர் மேனன் கலவையையும் கையாண்டு, அவரவர் முறையே சிறந்தது என்று சாதித்தார்கள். தம் ஆசிரியர் கற்பித்த முறையை விடுவது மருத்துவருக்கும் எளிதன்று போலும். சண்டிகரில் நடந்து 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மக்னீசியத்தையும் கலவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 91 பெண்களை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு என்றாலும், மக்னீசியமே மேல் என்று காட்டியது.

அடுத்த ஆண்டு, 1995-இல், இந்தியா உட்பட வளரும் நாடுகள் சிலவற்றின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு லான்செட் இதழில் வந்தது. 1687 பெண்கள் அதில் இருந்தார்கள். எந்தப் பெண்ணுக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவு செய்தார்கள். வலிப்பு மீண்டும் வருவது, டயசிபாம் பெற்றவர்களைவிட மக்னீசியம் பெற்றவர்களுக்கு 52 விழுக்காடும், ஃபெனிடாயின் பெற்றவர்களைவிட 67 விழுக்காடும் குறைவாக இருந்தது. ஃபெனிடாயினோடு ஒப்பிட்டபோது குழந்தைகளிலும் வேறுபாடு தெரிந்தது: மக்னீசியம் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் மூச்சுக்குழாய் செருக வேண்டிய தேவையும், சிறப்புக் கவனிப்புப் பிரிவில் சேர்க்க வேண்டிய தேவையும் குறைந்தன.

மேனன் கலவையோடு மக்னீசியத்தை ஒப்பிட்ட மூன்று இந்திய ஆய்வுகளைப் பின்னர் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 397 பெண்கள். மக்னீசியம் பெற்றவர்களிடையே தாய் இறப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. மூச்சுத் திணறலும் நீண்ட மயக்கமும் நிமோனியாவும் குறைந்திருந்தன. அத்துடன் கேள்வி தீர்ந்தது.

இதைக் கொண்டு மேனனைக் குறைத்து மதிப்பிடுவது சரியாகாது. 1961-இல் அவர் கையில் இருந்தவற்றைக் கொண்டு அவர் செய்தது சிறப்பான பணி. குறை சொல்வதானால், அவருக்குப் பின் 30 ஆண்டுகள் அம்முறையைச் சோதித்துப் பாராமலே தொடர்ந்த பழக்கத்தைத்தான் சொல்ல வேண்டும்.

மக்னீசியத்திற்கும் ஆபத்து உண்டு. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். அதைக் கண்டுகொள்ளப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை என்பதே இம்மருந்தின் சிறப்பு. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறதா, நிமிடத்துக்கு 16 முறையாவது மூச்சு ஓடுகிறதா, மணிக்கு 30 மில்லி லிட்டராவது சிறுநீர் இறங்குகிறதா என்ற மூன்றையும் செவிலியர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் துள்ளுவது நின்றால் அடுத்த தவணை கிடையாது. மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட்டு பக்கத்தில் இருக்கும். சுத்தியல், கடிகாரம், சிறுநீர்ப்பை ஆகியவற்றைக் கொண்டே ஓர் உயிரைக் காக்க முடிகிற மருத்துவம் இது.

2002-இல் வெளிவந்த 'மேக்பை' ஆய்வு 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை எடுத்துக்கொண்டது. இவர்களுக்கு வலிப்பு இன்னும் வரவில்லை. முன்சூல்வலிப்பு மட்டும் இருந்தது. மக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் குழந்தை இறப்பில் தெளிவான வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

குழந்தையின் பங்கு

தாயைக் காக்கும் மருந்து குழந்தையைத் தானாகக் காத்துவிடாது என்பதை இந்த முடிவு உணர்த்தியது. காரணம், நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. இயல்பான கர்ப்பத்தில் கருப்பையின் சுருள் தமனிகள் அகன்று விரிந்து, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தத்தைத் தரும். முன்சூல்வலிப்பில் அவை குறுகியே நின்றுவிடுகின்றன. வாய்க்கால் அகலாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாதது போல, குழந்தைக்கு உணவும் ஆக்சிசனும் போதவில்லை. அது வளராமல் தேங்கும். இரண்டரை கிலோவுக்குக் குறைந்து பிறக்கும். சில வேளை நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து, வயிற்றிலேயே குழந்தை இறக்கும்.

நோய் தீர ஒரே வழி பிரசவம்தான். நஞ்சுக்கொடி வெளியேறினால்தான் அழுத்தம் இறங்கத் தொடங்கும். இங்கேதான் மருத்துவருக்குத் தருமசங்கடம். முப்பது வாரத்தில் அழுத்தம் 160/110-ஐத் தாண்டினால் என்ன செய்வது? காத்திருந்தால் தாய்க்கு ஆபத்து. பிரசவிக்கச் செய்தால் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் விரியாது. பழைய காலத்தில் இக்கேள்விக்கு விடை ஒன்றுதான். தாயைக் காப்பாற்றிவிட்டுக் குழந்தையைக் கைவிடுவார்கள்.

விடையை மாற்றியது நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி. ஆட்டுக்குட்டிகளை வைத்து ஆய்ந்துகொண்டிருந்த லிகின்ஸ், கருவிலிருக்கும்போதே ஸ்டீராய்டு கொடுத்தால் குறைமாதக் குட்டியின் நுரையீரல் விரிந்து காற்றை ஏற்பதைக் கவனித்தார். அவரும் ஹவ்வியும் 1972-இல் பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் சில ஊசிகள் பச்சிளங்குழந்தையின் மூச்சுத் திணறலைக் குறைத்தன. நம் அரசு மருத்துவமனைகளில் இதற்கென டெக்சாமெத்தசோன் கொடுக்கப்படுகிறது. விலை மிகக் குறைந்த மருந்து. பிறந்த பின் உடல் சூடு குறையாமல் பார்ப்பதும், தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கும் 'கங்காரு' முறையும், சீம்பாலும் மற்றப் பாதியைக் கவனித்துக்கொள்கின்றன. கங்காரு முறை 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தோன்றியது.

கிராமத்திலிருந்து மருத்துவமனைக்கு

மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது. எழும்பூரில் மக்னீசியம் இருப்பதால் குன்றக்குடிப் பக்கத்துக் கர்ப்பிணிக்கு என்ன பயன்? நாச்சியாபுரம் போன்ற ஊர்களிலிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் 70, 80 கிலோமீட்டர். வாடகைக் கார் தேட வேண்டும். வீட்டு ஆண் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். நோயை உணர்வதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம் என மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது தாய் இறப்பு ஆய்வில் இன்று வழக்கம். சூல்வலிப்பில் மூன்றாவது தாமதம் மணிக்கணக்கில்கூட இருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரமே போதும்.

தமிழக அரசு எடுத்த முயற்சிகள் இந்த மூன்று தாமதங்களையும் ஒவ்வொன்றாகத் தாக்கின. 1926-ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. பின்னாளில் கிராம சுகாதார செவிலியர்கள் வந்தார்கள். ஊரார் 'நர்சம்மா' என்று அழைக்கும் இவர்கள்தாம் கர்ப்பிணியின் பெயரை முதலில் எழுதுபவர்கள். தாள்பட்டைச் சோதனை வருவதற்கு முன், சோதனைக் குழாயில் சிறுநீரை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, அசெட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு, திரிகிறதா என்று பார்ப்பார்கள். 1843-இல் லீவர் செய்த அதே சோதனைதான்!

1990-களின் நடுவிலிருந்து ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிந்து, ஏன் நேர்ந்தது என்று விசாரிக்கும் வழக்கம் தமிழகத்தில் வேரூன்றியது. யாரையும் தண்டிப்பதற்காக அன்று, எந்தத் தாமதத்தில் உயிர் போயிற்று என்று அறிவதற்காக. இறந்தவரின் வீட்டுக்கே சென்று கேட்டறிவதும் அதன் பகுதி. சுமைதாங்கிக் கல்லில் எழுதப்படாமல் போன காரணம் இப்போது மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் விவாதிக்கப்பட்டது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்கியதால், ஆரம்ப சுகாதார நிலையம் வரை மக்னீசியம் கிடைத்தது. மூன்று செவிலியர்களை அமர்த்தி ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். 2004 முதல் 'சீமாங்க்' எனப்படும் அவசரகாலத் தாய்சேய் நல மையங்கள் பெரிய அரசு மருத்துவமனைகளில் அமைந்தன. 2008-இல் 108 ஆம்புலன்சு வந்தது. 2012-இல் சிவகங்கையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாயாக வளர்ந்தது. பணத்தின் அளவைவிட, அதைப் பெற மாதந்தோறும் சோதனைக்கு வர வேண்டியிருப்பதே அதிகப் பயன் தந்தது எனலாம்.

விளைவு எண்களில் தெரிகிறது. ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழகத்தில் தாய் இறப்பு 2001-03-இல் 134, 2011-13-இல் 79, 2018-20-இல் 54. அதே 2018-20-இல் இந்தியாவின் சராசரி 97. போர் குழு சொன்ன ஆயிரத்துக்கு 20 என்பதை இலட்சக் கணக்கில் எழுதினால் 2,000 ஆகும்.

காரணம் தேடி

நோயைத் தொடங்கி வைப்பது எது என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற சிறுநீரக மருத்துவர் ஆனந்த் கருமாஞ்சி, பாஸ்டனில் இதை ஆராய்ந்தார். முன்சூல்வலிப்புள்ள பெண்களின் நஞ்சுக்கொடி 'எஸ்-ஃபிளிட்-1' என்ற புரதத்தை மிகுதியாகச் சுரப்பதை அவர் குழு கண்டது. இரத்தக்குழாய்களின் நலத்துக்குத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை இப்புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கருவுற்ற எலிகளின் உடலில் இதை மிகச் செய்தபோது அவற்றுக்கு அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரில் புரதம் போயிற்று. இம்முடிவு 2003-இல் வெளிவந்தது. மேனன் பேராசிரியராக இருந்த அதே கல்லூரியின் மாணவர் இதைக் கண்டார் என்பது வரலாற்றின் இனிய தற்செயல். இப்புரதத்தின் அளவைக் கொண்டு நோய் முற்றுமா என்று முன்கூட்டிச் சொல்லும் இரத்தச் சோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023-இல் ஒப்புதல் தந்தது.

தடுப்பு முறைகளிலும் மாற்றம் வந்துள்ளது. உப்பில்லாப் பத்தியம் நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்டது. இதைத் தடுக்க உப்பைக் குறைக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் தெளிவுபடுத்தியது. நாள் முழுதும் படுத்தே கிடக்கும் அறிவுரையும் கைவிடப்பட்டது. ஆபத்து மிகுந்த பெண்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது பயன் தரும் என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு உறுதி செய்தது. உணவில் கால்சியம் குறைந்த பெண்களுக்குக் கால்சியம் மாத்திரையும் நோயைக் குறைக்கும். இந்தியாவில் 14-ஆம் வாரம் முதல் இது வழங்கப்படுகிறது. அழுத்தத்தைக் குறைக்க மெத்தில்டோபா, லாபெட்டலால், நிஃபெடிபின் மூன்றும் பயன்படுகின்றன. ஊசி போட வசதியில்லாத இடத்தில் மூன்றையும் மாத்திரையாகவே கொடுக்கலாம் என்பதை நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் 894 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாணவர்களும் இளந்தாய்மாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. சூல்வலிப்பு பிரசவத்தோடு முடிந்துவிடுவதில்லை. குழந்தை பிறந்த முதல் சில நாட்களில், சில வேளை வாரங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். அப்போது பெண் மருத்துவமனையிலிருந்து தாய்வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று அவள் சொன்னால் அதைப் பச்சை உடம்பின் களைப்பென்று விட்டுவிடாமல் அன்றே அழுத்தம் பார்க்க வேண்டும். முன்சூல்வலிப்பு கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர இரத்த அழுத்தமும் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எனவே பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் நாளில் தாய்க்கும் கைப்பட்டை கட்டிப் பார்த்து, அந்த எண்ணைத் தாய் சேய் நல அட்டையில் எழுதி வைக்கலாம்.